ஓ.பி. சீட்டில் இருந்த கேள்விக்குறி

சித்தியின் ஓ.பி. சீட்டில், ஒரு மூலையில், சின்னதாக ஒரு கேள்விக்குறியும் அதை ஒட்டி ஐ.பி.எஃப். என்ற மூன்று எழுத்தும் இருந்தன. எழுத்தைப் படித்தோம். கேள்விக்குறியை யாரும் படிக்கவில்லை. அடுத்த ஐந்து வாரம் எங்கள் குடும்பம் இணையத்தில் தேடியபோது நடந்த தவறுகளில் பாதி, அந்த ஒரு குறியைத் தவறவிட்டதால் வந்தவை.

நான் ஒரு கல்லூரியில் நூலகர். ஆய்வு மாணவர்களுக்குக் கட்டுரை தேடித் தருவது இருபது வருடமாக என் வேலை. ஆனால் தேடப்படுவது சொந்தச் சித்தியின் நோய் என்றபோது, மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லித் தரும் விஷயங்களையே நான் செய்யவில்லை. பயத்தில் தெரிந்த வேலையும் கை நழுவிப் போகிறது. என்ன தேடினோம், எது எங்கே தவறியது, எது சரியான வழிக்குக் கொண்டுவந்தது என்பதை ஒருமுறை முழுதாக எழுதி வைத்தால் இதே மாதிரி ஒரு சீட்டோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். சித்தி சம்மதித்திருக்கிறார். மருத்துவர்கள், மருத்துவமனைகள் பெயர் வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன். மருந்து பற்றிய முடிவுகள் எல்லாம் மருத்துவர்கள் எடுத்தவை. இங்கே நான் ஆராய்வது எங்கள் தேடலை மட்டும்.

நோயாளி

சித்திக்கு 58 வயது. திருச்சியில் இரண்டாம் மாடி வீடு. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறார். புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை. பதினான்கு மாதமாக வறட்டு இருமல். முதலில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், பெரிய பலன் இல்லை. மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை நிற்க ஆரம்பித்தார். வயதாகிறது, உடம்பு வைத்துவிட்டது என்று நாங்களும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்திக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்கியதைப் பார்த்துத்தான் சித்தப்பா பயந்தார்.

எச்.ஆர்.சி.டி., அதாவது நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன், எடுத்தார்கள். அறிக்கையின் கடைசிப் பத்தியில் ‘ஃபைப்ரோட்டிக் ஐ.எல்.டி., ப்ராபபிள் யூ.ஐ.பி. பேட்டர்ன்’ என்று இருந்தது. ஊதிப் பார்க்கும் சோதனையில் எஃப்.வி.சி., அதாவது முழு மூச்சு இழுத்து வேகமாக ஊதும்போது வெளிவரும் காற்றின் அளவு, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 64 சதவீதம் என்று வந்தது. ஓ.பி. சீட்டில் அந்தக் கேள்விக்குறி. இன்னும் சில ரத்தப் பரிசோதனைகளை எழுதிக்கொடுத்து, முடிவுகளோடு ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

ஐ.எல்.டி. என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. நுரையீரலின் காற்றறைகளுக்கு இடையில் இருக்கும் மெல்லிய திசு வீங்கியோ தழும்பாகியோ போகும் 200க்கும் மேற்பட்ட நோய்களுக்கு அது பொதுப்பெயர். யூ.ஐ.பி. என்பது படத்தில் தெரியும் ஒரு தழும்பு வடிவம். ஐ.பி.எஃப். என்பது அந்த 200க்குள் ஒன்று: காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத, நாளடைவில் கூடிக்கொண்டே போகும் நுரையீரல் தழும்பு. பெயரில் இருக்கும் ‘இடியோபதிக்’ என்ற சொல்லுக்கே காரணம் தெரியாதது என்றுதான் பொருள். அப்படியென்றால், காரணங்கள் ஒவ்வொன்றையும் தேடி, இல்லை என்று விலக்கிய பிறகுதான் அந்தப் பெயரை வைக்க முடியும். மருத்துவர் கேள்விக்குறி போட்டது அதற்காகத்தான். எங்களுக்கு அது அப்போது தெரியாது.

முதல் இரவு

சித்தி மகன் பெங்களூரில் இருக்கிறான். சீட்டின் படத்தை வாட்ஸாப்பில் பார்த்துவிட்டு அந்த மூன்று எழுத்தைத் தேடியிருக்கிறான். இரவு பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டான். “அக்கா, மூணுலேர்ந்து அஞ்சு வருஷம்தான்னு போட்டிருக்கு” என்றான். அதற்குமேல் பேச முடியவில்லை.

அவன் பார்த்தது ஏதோ ஒரு போலிப் பக்கம் அல்ல. ஒரு பெரிய வெளிநாட்டு மருத்துவமனையின் நோயாளிகளுக்கான பக்கம். எண்ணும் பொய் அல்ல, பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் அந்த வரியில் சொல்லப்படாத மூன்று விஷயங்கள் உண்டு. அது இடைநிலை எண்: நோயாளிகளில் பாதிப் பேர் அந்தக் காலத்தைத் தாண்டி இருந்தார்கள் என்று பொருள், எல்லோருக்கும் அதுதான் கெடு என்று பொருள் அல்ல. அடுத்து, அந்த எண் வந்த பழைய ஆய்வுகளில் இருந்தவர்களுக்கு இன்றைய மருந்துகள் கிடைக்கவில்லை. கடைசியாக, அது ஐ.பி.எஃப். உறுதியானவர்களின் கணக்கு. சித்திக்கு எதுவும் உறுதியாகவில்லை.

இதை எல்லாம் அந்த இரவில் நான் அவனுக்குச் சொன்னேனா என்றால், இல்லை. எனக்கும் கை நடுங்கியது. நானும் அதே மூன்று எழுத்தைத்தான் தட்டினேன்.

மறுநாளிலிருந்து உறவினர்கள் அனுப்ப ஆரம்பித்தார்கள். நுரையீரலைச் சுத்தம் செய்யும் பொடி, 21 நாளில் தழும்பு கரையும் லேகியம், பின்னணி இசையோடு வீடியோ. அனுப்பியவர்கள் எல்லோரும் சித்திமேல் பிரியம் உள்ளவர்கள், யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு சோதனை மட்டும் செய்தேன். இந்தியாவில் மனிதர்களிடம் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேடு 2007 ஜூலை முதல் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் கீழ் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். சித்தா, ஆயுர்வேத ஆய்வுகளும் அதில் பதிவாகின்றன. அந்தப் பொடியின் பெயரையும் லேகியத்தின் பெயரையும் அதில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. “நல்லதாத்தான் இருக்கும், ஆனா யாரும் சோதிச்சுப் பார்த்த மாதிரி தெரியல” என்று சொன்னபோது சித்தப்பா ஏற்றுக்கொண்டார். ‘ஏமாற்று வேலை’ என்று சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

2005ஆம் ஆண்டுக் கட்டுரை

இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஏனென்றால் இதில் எந்தப் போலியும் இல்லை.

தம்பி கெட்டிக்காரன். மூன்றாம் நாளே வீடியோக்களை விட்டுவிட்டு ஆய்வுக் கட்டுரைக்குப் போய்விட்டான். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2005இல் வந்த ஒரு கட்டுரையை எனக்கு அனுப்பினான். உலகிலேயே அதிகம் மதிக்கப்படும் மருத்துவ இதழ்களில் அது ஒன்று. கட்டுரையும் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து, யாருக்கு எது என்று தெரியாமல் மறைத்துக் கொடுத்துச் செய்த ஒழுங்கான ஆய்வு. ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கு ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசாதியோப்ரின் இரண்டோடு என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரு வருடத்தில் நுரையீரல் திறன் குறைவது மட்டுப்படுகிறது என்று அதன் முடிவு. மூன்றாவது மருந்து தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையாகக் கடைகளில் கிடைக்கிறது. தம்பி அதை ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தான். “இந்த மூணையும் ஏன்க்கா டாக்டர் எழுதலை? வேற டாக்டரைப் பார்ப்போமா?” என்றான்.

நல்ல இதழ், நல்ல ஆய்வு முறை, சரியான நோயின் பெயர். என் மாணவர் ஒருவர் இதைக் கொண்டுவந்திருந்தால் பாராட்டியிருப்பேன். எனக்கும் அன்று அது நம்பிக்கை கொடுத்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் நூலகர் மூளை விழித்தது. ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய அடுத்த வேலை, அதற்குப் பிறகு அதைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று பார்ப்பது. பப்மெட்டில் இது கடினமே இல்லை. பப்மெட் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தேடுதளம். 1997இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் பக்கத்திலும் கீழே இறங்கினால், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியல் வரும். அதைத் திறந்தேன். அதே இதழில் 2012இல் வந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. பெயர் பேந்தர்.

அமெரிக்க அரசின் தேசிய இதயம், நுரையீரல், ரத்தக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு அது. 2005ஆம் ஆண்டு ஆய்வு கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை இது கேட்டது. முந்தைய ஆய்வில் இரண்டு குழுவுக்கும் ப்ரெட்னிசோனும் அசாதியோப்ரினும் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது மருந்து சேர்ந்ததா இல்லையா என்பதுதான் வேறுபாடு. அந்த இரண்டு மருந்துமே நல்லதா கெட்டதா என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அவை இல்லாத குழுவே இல்லை. பேந்தரில் ஒரு குழுவுக்கு மூன்று மருந்தும், இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2011 அக்டோபரில், ஆய்வு பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, மூன்று மருந்துக் குழுவை நிறுத்த வேண்டி வந்தது. மூன்று மருந்தும் எடுத்த 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை எடுத்த 78 பேரில் இறந்தவர் ஒருவர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 23க்கு 7.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டு நாளாக எங்களுக்கு நம்பிக்கை கொடுத்துக்கொண்டிருந்த சிகிச்சை, அந்த நோய் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யும் என்று நிரூபணமாகியிருந்த சிகிச்சை. 2005ஆம் ஆண்டுக் கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. திரும்பப் பெற வேண்டிய தவறும் அதில் இல்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொன்னது. அதனால் அதன் தலையில் சிவப்புப் பட்டை எதுவும் இருக்காது. தேடுபவர் தானாகப் பின்தொடர்ந்து போனால்தான் தெரியும்.

நுரைக்கும் மாத்திரை மட்டும் தனியாக? அதையும் அதே ஆய்வின் தொடர்ச்சியில் பார்த்திருந்தார்கள். 2014இல் வெளிவந்தது. வெறும் மாத்திரையைவிடப் பலன் இல்லை. தம்பியிடம் இரண்டு கட்டுரையையும் அனுப்பினேன். பார்சல் வந்ததும் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டான்.

அதே 2014 மே மாதத்தில், அதே இதழில்தான் ஐ.பி.எஃப். சிகிச்சையில் இன்று முதன்மையாக இருக்கும் இரண்டு மருந்துகளின் பெரிய ஆய்வுகளும் வந்தன. பிர்ஃபெனிடோன் ஆய்வில் 555 பேர், நின்டெடானிப் ஆய்வுகள் இரண்டிலும் சேர்த்து 1,066 பேர். இரண்டு மருந்தும் தழும்பைக் கரைப்பதில்லை, கூடும் வேகத்தைக் குறைக்கின்றன. நின்டெடானிப் ஆய்வில் மூச்சுத்திறன் குறையும் வேகம் ஏறத்தாழ பாதியானது. இவற்றுக்கு மருந்து நிறுவனங்கள்தான் செலவு செய்தன. 2005ஆம் ஆண்டு ஆய்வுக்கும் அப்படியே. நிறுவனப் பணம் என்பதற்காக ஒரு ஆய்வைத் தள்ளிவிட முடியாது, ஆனால் யார் பணம் என்று கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் படிப்பது நல்ல பழக்கம்.

பெயருக்குப் பின்னால் பழைய பெயர்

இரண்டாம் வாரத்தில் நான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். ஒரு நோட்டை எடுத்து, சித்தியின் அறிக்கையில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் எழுதி, அதற்கு வேறு என்ன பெயர்கள் என்று பக்கத்தில் எழுதினேன்.

நோய்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஐ.பி.எஃப். நோயை பிரிட்டனில் நெடுங்காலம் ‘க்ரிப்டோஜெனிக் ஃபைப்ரோசிங் ஆல்வியோலைட்டிஸ்’ என்று எழுதினார்கள். இன்று ‘ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ்’ என்று சொல்லப்படும் நோய்க்குப் பழைய பெயர் ‘எக்ஸ்ட்ரின்சிக் அலர்ஜிக் ஆல்வியோலைட்டிஸ்’. சுருக்கமாக எச்.பி. என்கிறார்கள். காரணத்தை வைத்து விவசாயி நுரையீரல், பறவை வளர்ப்போர் நுரையீரல் என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஒரே பெயரில் தேடினால் பாதி கட்டுரை கண்ணிலேயே படாது. பப்மெட்டுக்குப் பின்னால் மெஷ் என்று ஒரு சொல்தொகுதி இருக்கிறது. ஒரு நோய்க்கு எத்தனை பெயர் இருந்தாலும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. ஒரு சொல்லைத் தட்டி அந்தத் தலைப்பைக் கண்டுபிடித்துவிட்டால், தேடல் ஒரு நாள் வேலையிலிருந்து ஒரு மணி நேர வேலையாகிவிடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பப்மெட்டில் இருக்கிறது என்பதால் ஒரு கட்டுரை நல்லது என்று ஆகிவிடாது. அது அட்டவணை, சான்றிதழ் அல்ல. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களின் கட்டுரைகளும் சில நேரம் அதற்குள் வந்துவிடுகின்றன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் மட்டும் மேலே தெளிவாக எச்சரிக்கை இருக்கும், அதைப் பார்க்காமல் ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது.

வேறு இடங்களையும் பார்த்தேன். அரிய நோய்களுக்கு 1997இல் பிரான்சில் தொடங்கிய ஆர்ஃபாநெட் நன்றாக இருந்தது. நோயின் மாற்றுப் பெயர்கள் எல்லாம் அங்கே ஒரே பக்கத்தில் கிடைக்கும். எளிய விளக்கத்துக்கு மெட்லைன்ப்ளஸ். பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகளின் எளிய சுருக்கங்கள் சில தமிழிலும் இருக்கின்றன, சித்தப்பாவுக்கு அவற்றைக் காட்டினேன். பணம் கட்டச் சொல்லி மறித்த கட்டுரைகளில் பலவற்றுக்கு பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருந்தது. கிடைக்காத இரண்டுக்கு அதை எழுதிய மருத்துவர்களுக்கே மின்னஞ்சல் போட்டேன். ஒருவர் மூன்றே மணி நேரத்தில் அனுப்பினார், சித்திக்கு உடம்பு சரியாகட்டும் என்று ஒரு வரியும் சேர்த்து.

தம்பி ஒரு ஏ.ஐ. செயலியிடமும் கேட்டான். நீளமாக, தெளிவாகப் பதில் வந்தது, கீழே ஐந்து கட்டுரைகளின் தலைப்போடு. பப்மெட்டில் தேடினேன். மூன்று இருந்தன. இரண்டு எங்கேயும் இல்லை. இதழின் பெயர் உண்மை, ஆண்டு பொருத்தமாக இருந்தது, அப்படி ஒரு கட்டுரைதான் இல்லை. அதன் பிறகு, அது தரும் சொற்களைத் தேடுவதற்கு எடுத்துக்கொள்வது, முடிவுகளை எடுத்துக்கொள்வதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

ஊரின் பெயரைச் சேர்த்தபோது

மூன்றாம் வாரம். அதுவரை நான் படித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான். ஐ.பி.எஃப். ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிய ஆண்கள், பலர் புகைத்தவர்கள். சித்தி 58 வயதுப் பெண், புகைக்காதவர். இது உறுத்திக்கொண்டே இருந்தது. தேடலில் ‘இந்தியா’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஐ.எல்.டி. இந்தியா ரெஜிஸ்ட்ரி என்ற ஆய்வு வந்தது.

2017இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தின் இதழில் வெளியானது. இந்தியாவின் 19 நகரங்களில் 27 மையங்கள், 1,084 நோயாளிகள். ஒவ்வொருவரின் விவரத்தையும் வல்லுநர்கள் கூடிப் பேசி நோயைத் தீர்மானித்திருந்தார்கள். ஐ.பி.எஃப். 13.7 சதவீதம்தான். முதலிடத்தில் இருந்தது எச்.பி.: 47.3 சதவீதம். அந்த எச்.பி. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் வீட்டில் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள்.

ஏர் கூலர். சித்தி தையல் மிஷினுக்குப் பின்னால் ஒரு கூலர் இருக்கிறது. பெரிய தகர உடம்பு, உள்ளூரில் செய்தது, பதினோரு வருடமாக மாசியிலிருந்து ஐப்பசி வரை முதுகுக்கு நேராக ஓடுகிறது. அதன் பாய் எப்போதும் ஈரம். ஈரத்தில் வளரும் பூஞ்சை காற்றோடு வரும். சிலருடைய உடம்பு அதை எதிர்த்து எதிர்த்து நுரையீரலையே புண்ணாக்கிக்கொள்கிறது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் புண் தழும்பாகிறது. அந்தத் தழும்பு படத்தில் ஐ.பி.எஃப். மாதிரியே தெரியக்கூடும். எச்.பி. என்பது இதுதான். புறாவின் எச்சமும் இறகும் இன்னொரு பெரிய காரணம் என்று அதே கட்டுரையிலும் மற்றவற்றிலும் இருந்தது. சித்தி வீட்டுச் சன்னல் விளிம்பில் புறா கூடு கட்டாத வருடம் கிடையாது. சித்தி அதற்குக் கம்பு போடுவார்.

எனக்கு உடனே சித்தப்பாவைக் கூப்பிட்டு “கண்டுபிடிச்சாச்சு” என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. போனை எடுத்துவிட்டேன். பேந்தர் நினைவு வந்தது, வைத்துவிட்டேன். இந்தக் கட்டுரைக்கும் அதே மரியாதையைச் செய்ய வேண்டும்: இதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள்?

2018இல் ப்ளோஸ் ஒன் இதழில் சண்டிகரிலிருந்து ஒரு கட்டுரை. ஒரே மையத்தில் 803 நோயாளிகள். அங்கே முதலிடம் சார்காய்டோசிஸ் என்ற வேறொரு நோய்க்கு, 42.2 சதவீதம். ஐ.பி.எஃப். 21.2. எச்.பி. வெறும் 10.7. இரண்டும் இந்தியா, இரண்டும் ஏறத்தாழ ஒரே காலம், எண்கள் எதிரெதிர். எந்த மையத்துக்கு எப்படிப்பட்ட நோயாளிகள் அனுப்பப்படுகிறார்கள், எதை எச்.பி. என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இவ்வளவு மாறுகிறது. ஆகவே, இந்தியாவில் இருப்பதால் சித்திக்கு எச்.பி.யாகத்தான் இருக்கும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கையில் இருந்தது. எங்கள் சீட்டில் கூலரைப் பற்றியோ புறாவைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை, நாங்களும் சொல்லவில்லை. கூலர் ஒரு விஷயம் என்று யாருக்குத் தோன்றும்?

இது பெயர் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் அல்ல. ஐ.பி.எஃப். நோயில் ப்ரெட்னிசோன், அசாதியோப்ரின் கூட்டு தீங்கு செய்தது என்று பார்த்தோம். எச்.பி.யிலோ ஸ்டீராய்டும், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளும் இன்றும் பலருக்குக் கொடுக்கப்படுகின்றன, அதற்கான பெரிய ஆய்வுகள் குறைவு என்றாலும். முதல் வேலை தூண்டும் பொருளைக் கண்டுபிடித்து விலக்குவது. 142 எச்.பி. நோயாளிகளைப் பற்றி 2013இல் வந்த ஓர் ஆய்வில், காரணம் அடையாளம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்திருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது தெரியவே இல்லை என்பதும் அதில்தான் இருந்தது. தவறான பெயரை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல கட்டுரையைப் படித்தாலும் நாங்கள் படித்தது இன்னொருவருடைய நோயைப் பற்றி.

ஒரு பக்கத் தாள்

மருத்துவரிடம் கொண்டுபோக தம்பி நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தான். நான் ஒரே பக்கம் எழுதினேன். மேலே சித்தியின் விவரம்: வயது, இருமல் தொடங்கிய மாதம், இரண்டு எஃப்.வி.சி. அளவு தேதியோடு. நடுவில் வீட்டில் இருப்பவை: கூலர், எத்தனை வருடம், எத்தனை மணி நேரம், புறா, எந்தச் சன்னல், தையல் துணித் தூசி, மெத்தை பஞ்சு. கீழே மூன்று கேள்வி. இது எச்.பி.யாக இருக்க வாய்ப்பு உண்டா? அதை உறுதி செய்ய என்ன சோதனை? அதுவரை கூலரை நிறுத்தி வைக்கலாமா?

கட்டுரைகளைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. மருத்துவர் தாளை இரண்டு முறை படித்தார். “கூலரா? முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் சித்தியிடம். குரலில் கோபம் இல்லை. சித்தி, “நீங்க கேட்கலையே சார்” என்றார். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆமா, கேட்டிருக்கணும்” என்றார். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்ப்பவர் அவர் என்று வெளியே உட்கார்ந்திருந்தபோது எண்ணிப் பார்த்திருந்ததால், அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது.

அப்புறம் எல்லாம் முறையாக நடந்தது. சி.டி. படத்தை நுரையீரல் படங்களில் தனித் தேர்ச்சி உள்ள கதிரியக்க மருத்துவர் மறுபடி பார்த்தார். சில இடங்களில் காற்று உள்ளேயே தங்கி நிற்கும் அடையாளம் இருக்கிறது, அது எச்.பி. பக்கம் சாய்கிறது என்றார். மூச்சுக்குழாய் வழியாகத் திரவம் விட்டு எடுத்துப் பரிசோதித்ததில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருந்தன, அதுவும் எச்.பி. பக்கம்தான் சாய்ந்தது. மார்பு மருத்துவர், கதிரியக்க மருத்துவர், மூட்டு நோய் மருத்துவர் மூவரும் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள்: தழும்பு விழுந்த எச்.பி. ஐந்து வாரமாக நாங்கள் எந்த நோய்க்கு அழுதோமோ அது இல்லை.

இது சின்ன நோய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தழும்பு விழுந்த பகுதி திரும்பி வராது. கூடிக்கொண்டே போகும் வாய்ப்பும் உண்டு. அப்படிக் கூடினால் என்ன செய்வார்கள் என்றும் தேடிவைத்திருந்தேன்: ஐ.பி.எஃப். அல்லாத, ஆனால் கூடிக்கொண்டே போகும் தழும்பு நோய்களில் நின்டெடானிப்பைச் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. 663 பேரில் 173 பேர் எச்.பி. நோயாளிகள், மூச்சுத்திறன் குறைவது அதிலும் மட்டுப்பட்டது. மருத்துவர், இப்போதைக்கு வேண்டாம், பார்த்துக்கொண்டு போவோம் என்றார்.

ஒன்பது மாதம் கழித்து

எஃப்.வி.சி. 64இல் இருந்தது, இப்போது 66. மருத்துவர் இதை முன்னேற்றம் என்று சொல்லவில்லை, நிலையாக இருக்கிறது என்றுதான் சொன்னார். இருமல் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. மருத்துவர் தொடங்கிய ஸ்டீராய்டின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து இப்போது சிறு அளவில் நிற்கிறது. மாடிப்படியில் சித்தி இன்னும் ஒருமுறை நிற்கிறார். சன்னலுக்கு வலை போட்டாகிவிட்டது. கம்பு போடுவதை நிறுத்தியதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

காரணம் கூலரா புறாவா என்று இதுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் போனதால் இனி தெரியவும் வழியில்லை. கூலரைப் பக்கத்துத் தெருக்காரர் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கேட்டார். சித்தப்பா கொடுக்கவில்லை. பழைய இரும்புக்காரரை வரச்சொல்லி, வாசலிலேயே பாயைக் கிழித்து, தகரத்தை நசுக்கச் சொல்லி, எடைக்குப் போட்டுவிட்டார்.